கவிழ்த்து வைத்த வாளி

"உட்காருங்கக்கா" என்று அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, நைட்டிக்கு மேல் போட்டிருந்த துண்டால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டபோது, பிலோமினாவுக்கு உட்காரவே கூச்சமாக இருந்தது. வீடு வாங்க வந்தவள் உட்காருவதும் குடியிருக்கிறவள் நிற்பதும் ஊரில் நடக்கிற வழக்கம்தான், யார் இல்லையென்றார்கள், ஆனால் பிலோமினா ஆயுசு முழுக்க நிற்கிற பக்கத்திலேயே இருந்து பழகினவள். பிறந்தது வாடகை வீடு, வாழ வந்தது வாடகை வீடு, நர்ஸ் வேலையில் மாற்றிப் போட்ட ஊரெல்லாம் வாடகை வீடு, ரிட்டையராகி மாலையும் கழுத்துமாக வந்து ஆட்டோவை விட்டு இறங்கியதும் பாலக்கரையில் ஒரு வாடகை வீட்டு வாசலில்தான். இப்போதுகூடப் பாருங்கள், வயலூர் ரோட்டில் இந்த அடுக்குமாடிக்குள் நுழைந்து இரண்டாவது மாடி ஏறியதும் செருப்பை வாசலுக்கு நேரே விடாமல் ஓரமாகத் தள்ளிச் சுவரோடு ஒட்டிவைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள், யார் கண்ணிலும் படக்கூடாது, யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது. புரோக்கர் பாண்டுரங்கன் தன் ஷூவை வாசல் நடுவிலேயே உதறிவிட்டு வந்தான், அவனைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது. அவன் இப்போது இல்லை. "மெயின் ரோட்டுல ஒரு பார்ட்டி நிக்கிறாங்க சிஸ்டர், ஒரு மனை மட்டும் காட்டிட்டு வந்துடறேன், நீங்க பாட்டுக்கு நிதானமா சுத்திப் பாருங்க, தமிழரசி நல்ல பொண்ணு, எல்லாம் காட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கப்போனவன் படியில் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னான்: "சாயங்காலம் புதுக்கோட்டை பார்ட்டி அட்வான்ஸோட வராங்க. நான் திரும்பி வரும்போது வேணும் வேண்டாம்னு ஒரே வார்த்தை, சொல்லிடுங்க." ஒரே வார்த்தையாம். முப்பது வருஷ வேலையின் மொத்தக் காசும் அந்த ஒரு வார்த்தைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளவேண்டுமாம். உட்கார்ந்தாள். நாற்காலி லேசாக ஆடியது, சித்திரை மாசத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஃபேன் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மனசால பார்க்காதீங்க, கணக்கால பாருங்க. தினகரன் சார் இதைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்து, பிறகு நெற்றியில் கை வைத்துக் காட்டுவார். கோட்டு போட்ட சின்ன வயசுக்காரர், கல்யாண மண்டபத்தில் ஏசி போட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுத்தார், வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி என்று. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்கினார்கள், பிலோமினா தூங்கவில்லை, நைட் டியூட்டி பார்த்த உடம்பு, முன்வரிசையில் உட்கார்ந்து முதல்முதலாக ஊசி போடக் கற்றுக்கொண்ட நாளைப் போலக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வருஷ வாடகையை விலையோடு வைத்துப் பார். பராமரிப்பைக் கழி. வீட்டு வரியைக் கழி. வீடு காலியாகக் கிடக்கப்போகிற மாசங்களைக் கழி, அதை மட்டும் மறக்கவே மறக்காதே, புதுசாக வாங்குகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் விழுவார்கள். கழித்துக் கழித்து மிஞ்சுவது அவர் போட்டுக்காட்டிய சதவீதக் கோட்டுக்கு மேலே நின்றால் வாங்கு, கீழே நின்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. நன்றாகத்தான் இருந்தது கேட்க. அதற்கப்புறம் உறையூரில் பார்த்தாள், கருமண்டபத்தில் பார்த்தாள், ஏர்போர்ட் பக்கம் போய் வெயிலில் தலைவலி வாங்கிக்கொண்டு வந்தாள், எத்தனை பார்த்தாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டாள். ஒரு வீட்டில் விலை இடித்தது, ஒரு வீட்டில் பத்திரம் இடித்தது, இன்னொரு வீட்டில் எல்லாம் சரியாக இருந்து தெருமுனை டாஸ்மாக் இடித்தது. கூட வாருங்களேன் என்று புருஷன் மரியதாஸைக் கூப்பிட்டால் அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு, "நான் வந்தா தெரிஞ்சவன் மாதிரி தலையாட்டிருவேன் பிலோ. உன் காசு, உன் இஷ்டம், நீயே பாரு" என்று மீனை உரசிக் கழுவ உட்கார்ந்துவிட்டார். உன் இஷ்டம். ஒருத்தர் திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டலாம், இஷ்டம் என்று விட்டுவிட்டால் என்ன செய்வது, பயம் முழுக்க நம் தலையிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. குடியிருக்க வாங்குவதாக இருந்தாலாவது ஒரு தைரியம் இருக்கும். அதுவும் இல்லை. பாலக்கரையில் மாதா கோயில் மணி கேட்கிற அந்த வாடகை வீட்டை விட்டு அவர் அசையமாட்டார், அவளுக்கும் அசைய மனசில்லை, அங்கே கொடுக்கிற வாடகையை இங்கே வருகிற வாடகை தாங்கிக்கொள்ளட்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு வீட்டுக்குக் குடித்தனக்காரி, இன்னொரு வீட்டுக்குச் சொந்தக்காரி, ஒரே சேலையில். நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வெளிச்சத்தைப் பார், இந்த ஹாலில் எவ்வளவு வெளிச்சம், மேற்கு ஜன்னலில் மரம் மறைத்துக்கொள்வதால் வெயிலின் சூடு மட்டும் வெளியே நின்றுவிடுகிறது, வெளிச்சம் மட்டும் உள்ளே வந்து தையல் மிஷின் மேலே விழுகிறது, மிஷினில் பாதி தைத்த மெரூன் கலர் ஜாக்கெட் ஊசி குத்தினபடியே இருக்கிறது. நாம் இங்கே உட்கார்ந்து சாயங்காலம் காப்பி குடித்தால் எப்படி இருக்கும். சேச்சே. மனசால் பார்க்காதே. நெற்றியில் கை வை.

டீ வந்தது. கொதிக்கக் கொதிக்க, ஏலக்காய் தட்டிப் போட்டது, எவர்சில்வர் டம்ளரில். தமிழரசி எதிரே கட்டில் விளிம்பில் உட்காருவதுபோல் உட்கார்ந்து உட்காராமல் இருந்தாள், முப்பத்தைந்துக்குள் இருக்கும், கழுத்தில் தையல்காரர்களின் இஞ்சு டேப் மாலை மாதிரி தொங்கியது. "நல்லா இருக்கும்மா டீ" என்றாள் பிலோமினா. "அக்கா, நீங்க பெரியவங்களா இருக்கீங்க, மனசுல பட்டதைச் சொல்லட்டுமா" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். சொல்லும்மா என்றதுதான் தாமதம். தண்ணியே வராதுக்கா. வந்தா ரெண்டு நாளைக்கு ஒருதரம் அரைமணி நேரம் நூல் மாதிரி வரும், எங்க வீட்டுக்காரரு கீழேருந்து குடத்துல தூக்கிட்டு வருவாரு, அவருக்கு முதுகே போச்சு. கொசு, ஐயோ அதைக் கேக்காதீங்க, பின்னாடி வாய்க்கா இருக்குல்ல, ஆறு மணியானா உட்கார முடியாது. மேல்வீட்டுக்காரங்க ராப்பகலா இடிப்பாங்க, மாவு இடிக்கிறாங்களா ஆளை இடிக்கிறாங்களான்னு தெரியல. அக்கம்பக்கம் சரியில்ல, லேடீஸ் தனியா வர முடியாது. "நாங்களே வேற வீடு பாத்துக்கிட்டிருக்கோம்க்கா. கெடைக்க மாட்டேங்குது, அதான் இருக்கோம்." பிலோமினா டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். மரியே மாதாவே, இந்த வாரத்தில் முதல்தடவையாக ஒரு வீடு எல்லாக் கழித்தலையும் தாண்டி நிற்கிறதே என்று இருந்தாளே. தண்ணீர் இல்லாத வீட்டுக்கு எவன் வருவான், வந்தவன் மூன்றாம் மாசம் ஓடுவான், காலி, மறுபடி வெள்ளையடி, மறுபடி புரோக்கருக்குக் கொடு, மறுபடி காலி. கூட வேலை பார்த்த செசிலி இப்படித்தான் ரிட்டையரானதும் திண்டுக்கல் ரோட்டில் ஒரு மனையை வாங்கிப்போட்டாள், இன்றைக்கும் அங்கே ஆடு மேய்கிறது, யார் ஆடு என்றுகூட அவளுக்குத் தெரியாது. செசிலியாவது ஆட்டைப் பார்த்துச் சிரிப்பாள். பிலோமினாவுக்குச் சிரிக்க வராது, அவள் ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்து சம்பாதித்த காசு, வாந்தியும் ரத்தமும் துடைத்த காசு, அதை ஒரு குழியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டோமே என்று கடைசிவரை அரித்துக்கொண்டே இருக்கும். மரியதாஸ் ஒன்றும் சொல்லமாட்டார், அது இன்னும் மோசம். போதும். பாண்டுரங்கன் வந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது. வேண்டாம் என்கிற வார்த்தைதான் எவ்வளவு சுகம், சொன்னவுடனே வீட்டுக்குப் போய் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

அப்போது வாசலில் யாரோ, "தமிழு, ஜாக்கெட்டு ஆச்சா" என்று குரல் கொடுத்தார்கள், அவள் எழுந்து போனாள். அவளோடு இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது, கை இறக்கம் பற்றி, கழுத்து பற்றி, போனதடவை அக்குளில் பிடித்தது பற்றி, நிற்காமல் பேச்சு. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் இருப்பது, கழுவி வைத்துவிடலாம் என்று பிலோமினா எழுந்து அடுக்களைப் பக்கம் போனாள், அடுத்தவர் வீட்டில் எச்சில் டம்ளரை விட்டுவிட்டு வருவது அவள் வளர்ப்பில் கிடையாது. குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. நூல் மாதிரி எல்லாம் இல்லை, கையில் மோதித் தெறித்துச் சேலை முன்பக்கம் நனைந்தது. சரி, இன்றைக்கு வருகிற நாளாக இருக்கும். டம்ளரைக் கவிழ்க்க இடம் தேடித் திரும்பியவள் அப்படியே நின்றாள். பின்பக்கப் பால்கனியில் ஒரு நீல வாளி இருந்தது. ஒரே ஒரு வாளி. அதுவும் கவிழ்த்து வைத்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பிலோமினா அதைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். டிரம் இல்லை, குடம் வரிசை இல்லை, அண்டா இல்லை, மூடி போட்ட பாத்திரம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் வராத வீட்டில் இருந்தவளுக்குத் தெரியாதா, அங்கே டம்ளரில்கூடத் தண்ணீர் பிடித்து வைத்திருப்போமே, படுக்கைக்கு அடியில் குடம் இருக்குமே, ராமநாதபுரத்தில் இருந்த மூன்று வருஷமும் பிரஷர் குக்கரிலே தண்ணீர் பிடித்து வைத்தவள் அவள். தண்ணீர் இல்லாதவள் வாளியைக் கவிழ்த்து வைப்பாளா? பால்கனியில் பெயிண்டு டப்பாவில் ஒரு கருவேப்பிலைச் செடி, இடுப்பு உயரம், அடியில் மண் ஈரம். அது ஒன்றும் இன்றைக்கு வைத்து நாளைக்குப் பறிக்கிற கீரை இல்லை, வருஷக்கணக்கில் பொறுத்திருக்கவேண்டும். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறவள் கருவேப்பிலை வைப்பாளா? ஜன்னலுக்குக் கொசுவலை இல்லை, கட்டிலுக்குக் கொசுவலை இல்லை, கொசுவர்த்திச் சுருள் எரிந்த சாம்பல் எங்கேயும் இல்லை. மேல்வீடு, ஆமாம், மேல்வீட்டில் வந்ததிலிருந்து ஒரு சத்தம்கூட இல்லையே, வரும்போது படியில் நிமிர்ந்து பார்த்தாளே, கதவில் பூட்டுத் தொங்கியதே, பூட்டில் சிலந்தி வலை வேறு. லேடீஸ் தனியாக வரமுடியாத இடத்துக்குத்தான் வேகாத வெயிலில் ஜாக்கெட்டு கேட்டு ஒருத்தி வந்து நிற்கிறாள். அடிப்பாவி! என்று பிலோமினா வாய்விட்டே சொன்னாள், சொன்னதும் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, கிளம்பியதோடு அம்மாவும் வந்துவிட்டாள், சங்கிலியாண்டபுரத்து அம்மா, கையில் பாம்புச் சட்டையோடு. அப்பாவுக்குப் பொன்மலை ஒர்க் ஷாப்பில் வேலை. அங்கே அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் அதை விற்பதற்கு ஆள்மேல் ஆளாகக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், அம்மா வந்தவர்களிடம் போய் நின்று, "பாத்ரூமுக்குப் போறப்ப மட்டும் கையைத் தட்டிட்டுப் போங்க, அது பாட்டுக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது" என்பாள். எது என்று கேட்பார்கள். அம்மா பெயரைச் சொல்லமாட்டாள், மூலையில் கொய்யா மரத்தைக் காட்டுவாள், அங்கே ஒரு பாம்புச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், ரயில்வே லைன் ஓரத்திலிருந்து அம்மாவே பொறுக்கிக்கொண்டு வந்து கட்டியது. அந்த வீட்டில் ஒன்பது வருஷம் இருந்தார்கள்! சனிக்கிழமை சனிக்கிழமை அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள், பொய் சொன்னேன் சாமி, பாம்பு என்று சொன்னேன் சாமி, திங்கட்கிழமை இன்னொரு ஆள் வருவான், மறுபடி பாம்பு. ஒருநாள் சாமியாரே தாங்கமுடியாமல், "ஏம்மா, நெசமாவே பாம்பு இருக்கோ" என்று கேட்டாராம், அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவ்வளவு பொய்யும் எதற்கு, அந்தக் கிணறு, அந்தக் கொய்யா, பக்கத்துவீட்டு லூர்து அக்கா, நடந்துபோகிற தூரத்தில் பள்ளிக்கூடம், அதையெல்லாம் விட்டுப் போக அம்மாவுக்கு உயிர் போகும். நல்லா இல்லாத வீட்டுக்கு யாராவது இத்தனை மெனக்கெட்டுப் பொய் சொல்வார்களா. டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், மனசு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் மனசு அப்படியெல்லாம் சும்மா விட்டுவிடுமா, நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடுத்த முள் குத்தியது. பாண்டுரங்கன் நேற்றே போனில் சொல்லியிருந்தான், "இவங்க பழைய வாடகை சிஸ்டர். காலி பண்ணச் சொல்லிட்டு வெள்ளையடிச்சா சொளையா ஏத்திக்கலாம், நானே ஆள் போடறேன்." ஏற்றினால் கணக்கு தினகரன் சாரின் கோட்டுக்கு மேலே ஜம்மென்று நிற்கிறது, காலையில் பஸ்ஸில் வரும்போதே மனசில் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்தக் கணக்கைத்தான். ஏற்றாவிட்டால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. கொஞ்சம்தான், ஆனால் கீழே. கீழே நின்றால் கும்பிடு போடு. அப்படியானால் நான் வாங்கவேண்டுமென்றால் இவள் போகவேண்டும். இவள் போனால் இந்த மிஷின் போகும், வாசலில் வந்து கத்துகிற இந்தக் கூட்டம் போகும், வேறு தெருவில் போய் முதலிலிருந்து போர்டு மாட்டி முதலிலிருந்து ஒவ்வொருத்திக்கும் அளவெடுக்கவேண்டும். கருவேப்பிலையை டப்பாவோடு லாரியில் ஏற்றுவாள், பாதி வழியில் அது ஒடியும், பிலோமினாவுக்குத் தெரியும், அவள் ஒடித்த செடிகளை வைத்தால் ஒரு தோட்டமே போடலாம். ஏன் இப்படி நினைக்கிறேன், நான் என்ன தர்மசத்திரமா கட்டவந்தேன், என் காசு, நானும் இத்தனை வருஷம் சாமான் கட்டித்தானே வாழ்ந்தேன், எனக்காக யார் கணக்கை மாற்றிப் போட்டார்கள். ஒருத்தரும் போடவில்லை. அதனால்? அதனால் நானும் போடக்கூடாதா? இது மனசு பேசுகிறது, தினகரன் சார் நெஞ்சில் கை வைக்காதே என்றார். சரி, நெற்றியிலேயே கை வைக்கிறேன். கழிக்கவேண்டியதைக் கழி. வரி, பராமரிப்பு, அப்புறம் காலியாகக் கிடக்கிற மாசம். இங்கே நின்றாள் பிலோமினா. பாண்டுரங்கன் சொன்ன பெரிய வாடகையில் வருகிறவன் எத்தனை நாள் இருப்பான்? அவனுக்குக் கொடுக்கிற காசுக்கு நூறு வீடு, ஆபீஸ் மாறினால் போவான், போனால் ஒன்றிரண்டு மாசம் காலி, வெள்ளையடிப்பு, புரோக்கர் கமிஷன், மறுபடி. இவள்? பொய் சொல்லியாவது இருக்கப்பார்க்கிறவள். அடித்துத் துரத்தினாலும் போகாதவள். காலி மாசம் என்கிற கழித்தலே இவள் கணக்கில் கிடையாதே! அதைத்தானே அவர் மறக்கவே மறக்காதே என்றார், மண்டபத்துப் பாதிப்பேர் தூங்கினார்கள், நான் கேட்டேன். மனசுக்குள் திரும்பவும் ஒருதரம் போட்டாள், விரலை மடக்கி, உதடு அசைய, மாத்திரை அளவு சரிபார்க்கிற மாதிரி இரண்டாவது தரமும் போட்டாள். கோட்டின் மேலேயே வந்து நின்றது. இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது, இரண்டாவது வழியில் ராத்திரி தூக்கம் வரும். அட! பிலோமினாவுக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. கையை நெஞ்சில் வைத்தாலும் நெற்றியில் வைத்தாலும் ஒரே பதில் வருகிற நாள் எத்தனைதரம் வாய்க்கும், முழுக்கச் சந்தோஷமாக, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தமிழரசி ஜாக்கெட்டு விவகாரத்தை முடித்துவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரைப் பார்த்தாள், பிலோமினாவின் நனைந்த சேலையைப் பார்த்தாள், பார்த்ததும் முகம் மாறியது. "இன்னிக்குத்தான்க்கா வருது, காலையிலேருந்து..." என்று இழுத்தாள். "எங்கம்மா பாம்பு விட்டாங்கம்மா" என்றாள் பிலோமினா. அவளுக்கு விளங்கவில்லை. "வீடு வாங்க வர்றவங்களை விரட்ட. பாத்ரூம்ல பாம்பு இருக்குன்னு சொல்லி, கொய்யா மரத்துல சட்டையே கட்டி வெச்சாங்க. அதுக்கு நீ பரவாயில்ல, தண்ணியோடயும் கொசுவோடயும் நிறுத்திக்கிட்ட." தமிழரசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "தப்புதான்க்கா. வர்றவங்க எல்லாரும் காலி பண்ணச் சொல்லிட்டுத்தான் வாங்குவோம்ங்கறாங்க. அந்தப் புரோக்கரு என் காதுபடவே சொல்றாரு. இந்தத் தெருவுல எனக்கு நாப்பது வீட்டு அளவு இருக்குக்கா. இதை விட்டுட்டு நான் எங்க போவேன்." பிலோமினா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் படியில் செருமல் கேட்டது, பாண்டுரங்கன் வந்து வாசல் நடுவில் ஷூவை உதறினான். "என்ன சிஸ்டர், பாத்தாச்சா? ஒரே வார்த்தை. புதுக்கோட்டைக்காரங்க டோல்கேட்டைத் தாண்டிட்டாங்களாம்." தமிழரசி மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தைக்காமல், துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிலோமினாவுக்கு இதுதான் அந்த நிமிஷம், மரியதாஸ் பக்கத்தில் இல்லை, யாரும் இல்லை, முப்பது வருஷம் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. வேணும் என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "வேணும். ஆனா இவங்க இருக்கறபடியே வேணும். வாடகை பத்தி அவங்களும் நானும் பேசிக்குறோம், நீங்க ஆள் போட வேண்டாம். ஓனர்கிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு பத்திர நகலைக் கொண்டாங்க, வக்கீல் பாத்ததும் அட்வான்ஸ் தரேன்." பாண்டுரங்கன் அவளை ஏற இறங்கப் பார்த்தான், லாபத்தை விடறீங்களே என்று ஆரம்பித்தான், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான், ஓனருக்குப் போன் போட வராந்தாவுக்குப் போனான்.

பிலோமினாவுக்குப் பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, முதல் பிரசவம் பார்த்துவிட்டு வெளியே வந்த அன்றைக்கு இப்படித்தான் இருந்தது. வாங்கிவிட்டேன், வாங்கிவிட்டேன், மரியதாஸிடம் எப்படிச் சொல்வது, சோறு போடும்போது சொல்வதா அல்லது வாசலிலேயே சொல்லிவிடுவதா. தமிழரசி மெதுவாக வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா. கோவிச்சுக்கக் கூடாது." சொல்லு என்றாள் பிலோமினா. "ஐப்பசி மழைக்கு இந்த ஹால் சுவரு ஊறும்க்கா. இந்தா, இந்த ஜன்னலுக்குக் கீழ. நாலு நாள் நல்லாப் பேஞ்சா தண்ணி தரைக்கே வந்துடும், மிஷினை அந்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவோம். பொய்யா யோசிச்சுக்கிட்டிருந்ததுல, நெசமா இருக்குறது ஞாபகத்துக்கே வரலக்கா." பிலோமினா சுவரைப் பார்த்தாள். காய்ந்து வெள்ளையாகச் சிரித்தது. சித்திரை வெயிலில் வந்து பார்த்தால் எந்தச் சுவர்தான் வாயைத் திறக்கும், தினகரன் சார் எத்தனையோ கழிக்கச் சொன்னார், ஐப்பசியைச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் விலையில் ஒரு பிடி பிடித்திருக்கலாம், இனி எப்படி, வார்த்தை விட்டாயிற்று. "பாக்கலாம்மா" என்றாள். சொன்ன பிறகுதான் அது தன் காதில் விழுந்தது. பாக்கலாம்மா. குழாய் ஒழுகுது சார், பாக்கலாம்மா. கதவு தாழ் போடமுடியல சார், பாக்கலாம்மா. எத்தனை ஊரில், எத்தனை வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்டுக்கேட்டு வயிறெரிந்த வார்த்தை, சொந்தக்காரியாகி ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தன் வாயிலிருந்தே, அதே இழுப்போடு! "இல்லம்மா" என்று அவசரமாகத் திருத்தினாள், "பாக்கலாம் இல்ல. பத்திரம் முடிஞ்ச கையோட, மழைக்கு முன்னாடியே ஆள் வெச்சு வெளிப்பக்கம் பூசிடுவோம். நானே நின்னு பாத்துக்குறேன்." தமிழரசி எழுந்தாள், துண்டைச் சரிசெய்துகொண்டாள், மிஷினில் போய் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்தாள். "எல்லா ஹவுஸ் ஓனரும் வாங்கறப்ப இப்படித்தான்க்கா சொல்வாங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. பிலோமினாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.